வெள்ளைக்கு ஒரு ஃபிலிம்

"எந்த ஃபிலிம் நல்லது?"

இந்தக் கேள்வியை ரக்னாவிடம் கேட்காத ஆள் வடகோடியில் இருக்கிற எங்கள் ஆல்டாவில் கிடையாது. இருபத்தாறு வருஷம் அந்த ஒரே போட்டோக் கடையின் கவுண்டரில் நின்றாள். நான் ஜன்னலோர மேசையில் கேமராவும் கைக்கடிகாரமும் பழுது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பெயர் கொன்ராட். அவள் வாய் எத்தனை தடவை அதே பதிலைச் சொன்னதோ, அத்தனை தடவை என் காதும் கேட்டது. அதற்காக யாரும் எனக்கு மெடல் குத்தவில்லை.

அவள் பதில் ஒரு எழுத்து மாறாது. "நானூறு வேக ஃபிலிம் எடுத்துக்குங்க. மூவாயிரத்து இருநூறுல்லாம் வேண்டாம், படம் பூரா ரவை கொட்டின மாதிரி வரும். பேட்டரிக் கேமரா குளிர்ல செத்துடும், பழைய கேமராவா பாத்து எடுத்துட்டுப் போங்க. ஃபிலிமை மெதுவா சுத்துங்க. அவசரப்பட்டா ஒடிஞ்சிடும், இல்லேன்னா உள்ளே பொறி பறந்து கோடு கோடா விழும். வீட்டுக்கு வந்ததும் கேமராவ அடுப்படிக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, சூட்டுல கண்ணாடி வேர்த்துடும். விறகுக் கொட்டகையிலயே விட்டுடுங்க." இதைச் சொல்லும்போது அவள் கண் ஆளைப் பார்க்காது. கை தானாக ஃபிலிம் டப்பாவை எடுத்து வைத்திருக்கும். நாங்கள் வெறுமனே வெளிச்சம் என்று சொல்கிற வடதுருவ ஒளியைப் பார்க்க வந்த ஜெர்மன்காரர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார், உள்ளூர்க்காரன் "தெரியும் தெரியும்" என்பான், ரெண்டு பேருக்கும் அதே பேச்சு, அதே அலுப்பு.

கடைசியில் ஒன்று சொல்வாள். "முதல் படம் வெளிச்சமா எடுங்க."

அதற்குக் காரணம் உண்டு. ஸ்லைடு ஃபிலிமைத் தெற்கே அனுப்பித்தான் கழுவ வேண்டும். அங்கே சுருளைப் படம் படமாக வெட்டி அட்டைச் சட்டத்தில் மாட்டுகிறவனுக்கு, இருட்டு வானத்தை இருபது தடவை எடுத்த சுருளில் ஒரு படம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. குத்துமதிப்பாக வெட்டுவான். வெளிச்சத்தின் தலை ஒரு அட்டையிலும் வால் இன்னொரு அட்டையிலும் வந்து சேரும். முதல் படம் பளிச்சென்று இருந்தால் அதன் ஓரத்தை வைத்து மீதியை அளந்துவிடுவான். ஆனால் சூரியனே எழாத ரெண்டு மாசத்தில் பளிச்சென்ற பொருளுக்கு எங்கே போவது? அடுப்படி மேசைதான். மேலே விளக்கு இருக்கும், கீழே காபிக் கெண்டி இருக்கும். ஆக, எங்கள் ஊரில் வெளிச்சத்தைப் படம் எடுத்தவர்களின் ஒவ்வொரு சுருளும் அவரவர் அடுப்படி மேசையில்தான் தொடங்கும்.

கழுவி வந்த ஸ்லைடுகளைச் சரிபார்ப்பது ரக்னாவின் வேலை. அதனால் யார் வீட்டு மேசையில் எத்தனை தட்டு என்பது அவளுக்குப் பாடம். பேக்கரி அல்ஃப்ஹில்டின் புருஷன் போய்விட்டான் என்று ஊருக்குத் தெரிவதற்கு ஒரு மாசம் முன்பே, எதிர் நாற்காலி சுவரோரம் போனதை அவள் பார்த்துவிட்டாள். வெளியே மூச்சு விட மாட்டாள். என்னிடம் மட்டும் எப்போதாவது சொல்வாள்.

"ஊர் அடுப்படி பூரா எனக்குத் தெரியும் கொன்ராட். என்னோடத எவனும் பாத்ததில்ல."

"நான் தினம் பாக்கறேனே."

"நீ எங்க பாக்கற? குடிச்ச கப்ப அங்கேயே வச்சிட்டு எந்திரிச்சுப் போற."

அது நிஜம். நான் பக்கத்து வீடு. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. காலையில் அவள் வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போவேன். கப்பைக் கழுவி வைக்கச் சொல்லி இருபத்தாறு வருஷம் திட்டினாள். என் காது அதற்கு மட்டும் அடைத்துக்கொள்ளும்.

அவள் மட்டும் ஒரு தடவைகூட வெளிச்சத்தைப் படம் எடுத்ததில்லை. கேட்டால், "தலைக்கு மேல தொங்கிட்டுக் கிடக்கு. அதை வேற எடுக்கணுமா?" என்பாள். சலிப்பு ஒரு பக்கம், நேரமில்லாதது ஒரு பக்கம். அவள் அப்பா பக்கவாதத்தில் பதினாலு வருஷம் கிடந்தார். கடைவிட்டு வந்து அவரைத் தூக்குவாள், திருப்புவாள், கழுவுவாள். அவர் போனபோது இவள் இடுப்பும் போயிருந்தது. கல்யாணம் என்று ஒன்று வந்தது, காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அக்கா யோர்டிஸ் இருபது வயசிலேயே தெற்கே பெர்கனுக்கு ஓட்டல் வேலைக்குப் போனவள். அங்கேயே குடும்பமாகிவிட்டாள். அம்மா சாவுக்கு வந்தாள். அப்பா சாவுக்கு வரவில்லை. வருஷத்துக்கு ரெண்டு போன். ரக்னா அவளைப் பற்றிப் பேச்செடுத்தால், "மகராணி எப்படி இருக்கான்னு யாருக்குத் தெரியும்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் நவம்பர் நடுவில் கடைக்கு அந்த மகராணியின் போன் வந்தது. யோர்டிஸுக்குக் காது மந்தம், கத்தித்தான் பேசுவாள். ரிசீவரை ரக்னா காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பாள். கடையில் இருக்கிற எல்லோரும் கேட்கலாம்.

"ஆஸ்பத்திரில இருந்து பேசறேன். வயித்துல கட்டி. கிறிஸ்துமஸ் பாத்தாப் பாப்பேன்னு டாக்டர் சொல்லிட்டார்."

ரக்னா கவுண்டரில் இருந்த ரசீதை மடித்துக்கொண்டே இருந்தாள். "வலிக்குதா?"

"மருந்து குடுக்கறாங்க. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நம்ம வெளிச்சம், அதை ஒரு படம் எடுத்து அனுப்பு. ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

"நாப்பத்திரண்டு வருஷமா கப்பல் ஓடிட்டுத்தான் இருந்துச்சு."

"தெரியும்டி. திட்டறத அப்புறம் திட்டு. இப்ப அனுப்பு."

போனை வைத்ததும் ரக்னா என்னைப் பார்த்தாள். "தபால் அட்டை ஒண்ணு வாங்கி அனுப்பிடலாமா?" என்றாள். அவளே அலமாரிக்குப் போய், எல்லோருக்கும் கொடுக்கிற அதே நானூறு ஸ்லைடை எடுத்தாள். "நெகட்டிவ் வேண்டாம். அச்சுப் போடற மெஷின் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாத்தும். ஸ்லைடு பொய் சொல்லாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ரெண்டு நாளில் வானம் திறந்தது. சாயங்காலம் ஐந்து மணி. என் பழைய கேமராவை முக்காலியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் மேட்டில் நின்றாள். முதல் படம் அடுப்படியில் எடுத்தாயிற்று. எல்லாம் சட்டப்படி நடந்தது. சுருள் தெற்கே போய், கழுவி, ரெண்டு பெரிய அச்சும் போட்டு வருவதற்குப் பத்து நாள் ஆயிற்று. படம் அருமை, நானே சொல்கிறேன். மலைக்கு மேலே பச்சை, வளைந்து, மடிந்து, ஒரு குறையும் இல்லை. ரக்னா உதட்டைப் பிதுக்கிவிட்டு உறையில் போட்டாள். ஆனால் அன்று முழுக்க வாடிக்கையாளர்களிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசினாள்.

டிசம்பர் ஆறாம் தேதி போன்.

"வந்துச்சு. பச்சையா இருக்கு."

"பச்சையாத்தான் இருக்கும்."

"நம்மளது வெள்ளைடி."

"ஃபிலிம்ல பச்சையாத்தான் விழும் அக்கா. உலகம் பூரா அப்படித்தான்."

"உலகத்தோடத நான் கேக்கல. வீட்டைக் கொளுத்திட்டுப் போன வருஷம் குடிசை வாசல்ல நின்னு பாத்தோமே, அதைக் கேட்டேன். நீ யாரோடதையோ அனுப்பியிருக்க."

ரக்னாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இத்தனை வருஷம் திரும்பிப் பாக்காம இருந்துட்டு, இப்பப் படுத்துக்கிட்டு நிறம் சரியில்லைங்கறியா? ஊர்ல எவனைக் கேட்டாலும் இதுதான் நல்ல ஃபிலிம்பான். இதுக்கு மேல என்னால ஆகாது." டொக்கென்று போனை வைத்தாள்.

வைத்துவிட்டு, மேல் அலமாரிக்கு ஏறுகிற சின்ன ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். கடையில் அந்த நேரம் யாரும் இல்லை. நல்லவேளை.

குடிசைக் கதை எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அந்த வயசுக்காரர் யாருக்குத்தான் தெரியாது? நாற்பத்து நாலாம் வருஷம் ஜெர்மன் படை பின்வாங்கும்போது ஊரையே கொளுத்திக்கொண்டு போனது. இவர்கள் குடும்பம் தெற்கே போக மறுத்து, காட்டுக்குள் மண்குடிசையில் ஒளிந்துகொண்டது. யோர்டிஸுக்குப் பதிமூணு, ரக்னாவுக்கு எட்டு. புகை தெரியும் என்று அடுப்பு மூட்டக்கூட பயம். கதவுக்குப் பதில் சாக்கு. ஒரு நாள் யோர்டிஸ் அந்தச் சாக்கை விலக்கி, அம்மாவின் வெள்ளைத் துண்டை எடுத்து வெளிச்சத்தைப் பார்த்து வீசினாள். அப்படி வீசினால் அது இறங்கி வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று எங்கள் வீடுகளில் எல்லாப் பிள்ளைக்கும் சொல்லித்தான் வளர்ப்பார்கள். அம்மா கன்னத்தில் ஒன்று வைத்தாள். சின்னவள் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய அழுதாள்.

"ஏழு வருஷம் கழிச்சு வந்து தூக்கிட்டுத்தான் போச்சு" என்று ரக்னா ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தவளிடம் நான் மெதுவாகச் சொன்னேன். "அவ சொல்றதுல தப்பில்ல ரக்னா. மங்கல் வெளிச்சத்துல கண்ணுக்கு நிறம் தெரியாது. வெள்ளையாத்தான் தெரியும். ஃபிலிம் பத்து செகண்டு உட்கார்ந்து குடிக்குது, அதனால பச்சை ஏறுது."

"எனக்கே பாடம் நடத்தறியா? இத நான் எத்தனை ஜெர்மன்காரனுக்குச் சொல்லியிருக்கேன்."

"அப்புறம் ஏன் கோவம்?"

அவள் கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் வெள்ளையாத்தான் ஞாபகம் இருக்கு. அதான் கோவம்" என்றாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் மேகம் விலகவில்லை. மேற்குக் காற்று, ஈரப்பனி. எப்போதும் வானத்தைத் திட்டுகிற ஊர், அந்தப் பத்து நாளில் அதைத் திட்டக்கூடத் தெம்பில்லாமல் போயிற்று. ரக்னா வேலை நேரத்திலேயே அலமாரி முன்னால் நின்றாள். ஒவ்வொரு டப்பாவாக எடுப்பாள். "இது நீலத்துல இழுக்கும். இது மஞ்சள். இது நிழல்ல ரோஸ் அடிக்கும். இது எதுக்கும் லாயக்கில்ல." திரும்ப வைப்பாள். ஊருக்கெல்லாம் ஃபிலிம் எடுத்துக் கொடுத்தவளுக்குத் தனக்கென்று ஒன்று எடுக்கத் தெரியவில்லை. பெர்கனிலிருந்து நர்ஸ் ஒருத்தி போன் செய்து, யோர்டிஸ் இப்போது சாப்பிடுவதில்லை என்றாள். எனக்கே தாங்கவில்லை.

"சாகப்போறவகிட்ட என்ன பெரிய நிறம்? 'அது வெள்ளைதான், உனக்குக் கண்ணு சரியில்ல'ன்னு சொல்லிடேன்" என்றேன்.

ரக்னா பார்த்த பார்வையில் நான் என் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தார். ரக்னா அவரைப் பின்னறையில் முக்காலியில் உட்கார வைத்து எடுத்தாள். பாஸ்போர்ட் படம் எங்கள் கடையில் கருப்பு வெள்ளைதான், அதை அவளே பின்னறையில் கழுவிப் போடுவாள். அரை மணி கழித்து, கையில் ஈரத்தோடு வாத்தியாரின் நாலு மூஞ்சியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாத்தியாருக்குச் சிவப்பு மூக்கு. படத்தில் அது வெள்ளையாக இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, நல்லா வரலையா?" என்றார் அவர்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாள் ரக்னா. அவரை அனுப்பிவிட்டு என் மேசைக்கு வந்தாள். "கொன்ராட், நான் ஒரு மடச்சி. பாஸ்போர்ட்டுக்கு வாங்கினது எத்தனை இருக்கு?"

"மூணு இருக்கும்."

"நானூறுதானே?"

"நானூறுதான். தேதி முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு."

"எனக்கும்தான் முடிஞ்சிடுச்சு. எடு."

வெளிச்சத்தைக் கருப்பு வெள்ளையில் எடுக்கலாம் என்று யாராவது கவுண்டரில் கேட்டிருந்தால், அவளே சிரித்து அனுப்பியிருப்பாள். தெற்கே அனுப்பவும் வேண்டாம், பத்து நாள் காத்திருக்கவும் வேண்டாம். வானம்தான் பாக்கி.

பதினாறாம் தேதி மூன்றரை மணிக்கு நான் சிகரெட்டுக்காகக் கதவைத் திறந்தேன். நட்சத்திரம் தெரிந்தது. திரும்பிச் சொல்வதற்குள் ரக்னா கோட்டில் ஒரு கையை நுழைத்திருந்தாள். கவுண்டரில் ஒரு சுவீடன்காரர் "எந்த ஃபிலிம்" என்று தொடங்கினார். "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அவரையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினாள். இருபத்தாறு வருஷத்தில் அது முதல் தடவை.

வீட்டுக்குப் போனதும் கேமராவை அடுப்படி மேசைக்குத் திருப்பி ஒன்று எடுத்தாள்.

"இப்ப எதுக்கு? வெட்டப்போறது நீதானே" என்றேன்.

"கை பழகிடுச்சு. சும்மா இரு."

வெளியே பூஜ்யத்துக்கும் கீழே இருபத்திரண்டு டிகிரி குளிர். மேட்டில் நின்றோம். முதலில் ஒன்றுமில்லை. எனக்குக் கால் மரத்தது, மூக்கு மரத்தது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பிறகு மலைக்குப் பின்னால் ஒரு மங்கல் பட்டை எழுந்தது. பெரிய ஆட்டம் ஒன்றுமில்லை. சுற்றுலாக்காரர்கள் என்றால் பேருந்தை விட்டே இறங்கியிருக்க மாட்டார்கள். ரக்னா பத்து செகண்டு வாய்க்குள் எண்ணுவாள், மூடுவாள், கையுறையைக் கழற்றி, ஃபிலிமை ஒவ்வொரு பல்லாகச் சுற்றுவாள்.

"சீக்கிரம், போயிடப்போகுது" என்றேன்.

"ஒடிஞ்சா நீ உன் பல்லால ஒட்டுவியா?"

பதினோரு படம் எடுப்பதற்குள் அது மறைந்துவிட்டது. கேமராவைக் கொட்டகையில் வைத்து, அங்கேயே இருட்டில் சுருளை எடுத்து, டப்பாவில் இறுக மூடி, மறுபடி கடைக்கே போனோம். ஏழு மணிக்கு நெகட்டிவ் காய்ந்தது. எட்டுப் படம் சும்மா புகை. ரெண்டு காற்றில் ஆடிவிட்டது. ஒன்று நின்றது. காகிதத்தின் திறம் பார்க்க முதல் படத்தைத்தான் போட்டாள், அடுப்படி மேசை மருந்துத் தொட்டியில் மெல்ல எழுந்து வந்தது. அப்புறம் அந்த ஒன்று.

நான் எத்தனையோ படம் பார்த்தவன். இதில் கருப்பு மலை, கருப்பு வானம், நடுவில் யாரோ கொடியில் போட்டு மறந்த துணி மாதிரி ஒரு வெள்ளை. அவ்வளவுதான். ரக்னா சிவப்பு விளக்கடியில் குனிந்து பார்த்தாள். "இதுதான்" என்றாள். "கொன்ராட், இதுதான் அது."

காலையில் ரெண்டு அச்சையும் ஒரே உறையில் போட்டாள். மேசைப் படம் எதற்கு என்று கேட்டேன். "ரோல்ல முதல் படம் அது. எல்லாருக்கும் சேத்துத்தானே குடுக்கறோம்" என்றாள். விமானத் தபாலுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பத்தொன்பதாம் தேதி போன் வந்தது, நர்ஸ் எண்ணைச் சுழற்றிக் கொடுத்திருக்கிறாள். யோர்டிஸின் சத்தம் இப்போது கடை முழுக்கக் கேட்கவில்லை. "எனக்குச் சரியா விழல, நீயும் கேளு" என்று ரக்னா ரிசீவரை எங்கள் இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தாள்.

"வெள்ளை" என்றது போன்.

"ஆமாக்கா."

"அம்மா துண்டு மாதிரியே."

"ஆமாக்கா."

போனில் காகிதம் சரசரத்தது. "அடுப்படி அப்படியே இருக்கு. அப்பா செஞ்ச மேசை."

"அப்படியேதான் வச்சிருக்கேன்."

"எதிர்ப்பக்கம் எனக்கும் ஒரு கப்பு வச்சிருக்க."

ரக்னா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். படம் எடுத்த அன்று காலை நான் குடித்துவிட்டு, கழுவாமல், அப்படியே விட்டுவந்த கப்பு அது. அடியில் காபி மண்டிகூட இருந்திருக்கும்.

"தினமும் வைப்பியா?" என்றாள் யோர்டிஸ்.

"வைப்பேன்."

"நீ என்னை வெறுத்துட்டேன்னு நெனச்சிட்டே இருந்தேன்டி."

ரக்னா ரசீது ஒன்றை எடுத்து மடித்தாள், பிரித்தாள். "கோவம் இருந்துச்சு" என்றாள். "கப்பும் இருந்துச்சு."

யோர்டிஸ் இருபத்திரண்டாம் தேதி விடியற்காலையில் போனாள். படம் ரெண்டும் தலையணை அடியில் இருந்ததாக நர்ஸ் சொன்னாள். அன்றும் ரக்னா கடைக்கு வந்தாள். அந்தச் சுவீடன்காரர் திரும்ப வந்து எந்த ஃபிலிம் நல்லது என்று கேட்டார். நானூறு, பழைய கேமரா, மெதுவாகச் சுற்றுவது, விறகுக் கொட்டகை என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். "முதல் படம் அடுப்படி மேசையா எடுங்க" என்றாள். அவர் ஓட்டலில் தங்கியிருப்பதாகச் சொன்னார். "எவளாவது ஒருத்தி அடுப்படில போய் எடுங்க" என்று டப்பாவை நீட்டினாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் அவள் வீட்டுக்குப் போனேன். என் நாற்காலிக்கு முன்னால் அந்தக் கப்பு கழுவித் துடைத்து வைத்திருந்தது, காபியும் ஊற்றியிருந்தது. நான் கை நீட்டினேன்.

"அது உன்னோடது இல்ல" என்றாள் ரக்னா. அலமாரியிலிருந்து காது உடைந்த வேறொரு கப்பை எடுத்து ஊற்றி, மேசையின் பக்கவாட்டில் வைத்தாள். "நீ இங்க உக்காரு."

உட்கார்ந்து குடித்தேன். எழுந்ததும் அந்த உடைந்த கப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோய் நானே கழுவி வைத்தேன். அன்றிலிருந்து தினமும் கழுவி வைக்கிறேன்.